பொது வாயிலும் தனி வாயிலும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 988 என்று ஒரு தொலைபேசி எண் உண்டு. துயரம் மிகுந்து, இனி வாழ்ந்து பயன் என்ன என்று எண்ணும் நிலைக்கு வந்துவிட்ட எவரும், பகலாயினும் நள்ளிரவாயினும், அவ்வெண்ணை அழைக்கலாம். கட்டணம் இல்லை. மறுமுனையில் பயிற்சி பெற்ற ஒருவர் பேசுவார். 2025-ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரையில், அவ்வாறு அழைப்பவர் காதில் முதலில் ஒரு பதிவுக் குரல் ஒலித்து வந்தது. படைத்துறையில் பணியாற்றியவராயின் 1 என்ற எண்ணை அழுத்துக என்றும், ஸ்பானிய மொழியில் பேச விரும்பினால் 2 என்ற எண்ணை அழுத்துக என்றும் அக்குரல் கூறும். தன்பால் ஈர்ப்பினரும் திருநருமாகிய இளைஞருக்கு, அதாவது 25 வயதிற்குட்பட்டோருக்கு, 3 என்ற எண் ஒதுக்கப்பட்டிருந்தது. 2025 ஜூலைத் திங்கள் 17-ஆம் நாள் மூன்றாம் எண்ணின் இணைப்பு நீக்கப்பட்டது. மற்ற இரண்டும் நின்றன.

ஒரு தொலைபேசியின் ஒரு பொத்தானைப் பற்றி ஒரு நாடு முழுவதும் வாதிட வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். மாணவ நண்பர்களே, வாதம் பொத்தானைப் பற்றியதன்று. துன்பத்தில் இருக்கும் எல்லாருக்கும் ஒரே வாயில் போதுமா, அல்லது சிலருக்குத் தனி வாயில் வேண்டுமா என்பதே கேள்வி. இரு தரப்பினர் சொல்வதையும் எடுத்துரைத்து, எனக்குச் சரியென்று படுவதையும் மறைக்காமல் சொல்கிறேன். அதற்கு முன், இத்தகைய தொலைபேசிப் பணி எங்கே தோன்றியது, எவ்வாறு நடைபெறுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

1935-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் சாட் வாரா என்னும் இளம் குருவானவர் ஓர் அடக்கச் சடங்கை நடத்தி வைத்தார். இறந்தவள் ஒரு சிறுமி. பருவமடைந்தபோது தன் உடலில் இயற்கையாய் நேர்ந்த மாற்றத்தைத் தீய நோய் என்று அஞ்சி, யாரிடம் கேட்பது என்று அறியாமல் அவள் உயிரை மாய்த்துக்கொண்டாள். கேட்பதற்கு ஓர் ஆள் இருந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் தீர்ந்திருக்கக்கூடிய அச்சம் அது. அந்தச் சாவு வாராவின் நெஞ்சை விட்டு அகலவில்லை. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1953 நவம்பர் 2-ஆம் நாள், இலண்டன் மாநகரில் புனித ஸ்டீபன் வால்புரூக் ஆலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு, உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணுவோர் தம்மை அழைக்கலாம் என்று அவர் அறிவித்தார். சமாரித்தர் இயக்கம் அவ்வாறு பிறந்தது.

அதில் அவரே எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. ஆலோசனை கேட்க நேரில் வந்தவர்கள் முன்னறையில் காத்திருந்தார்கள். அவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேசிக்கொண்டிருக்கச் சில தொண்டர்கள் அமர்த்தப்பட்டிருந்தனர். வந்தவருள் பலர் அத்தொண்டரிடமே மனந்திறந்து பேசி, நெஞ்சின் பாரம் குறைந்து, குருவானவரைப் பார்க்காமலே வீடு திரும்பினர். வாரா கூரிய அறிவினர். உண்மையை உடனே உணர்ந்துகொண்டார். 1954 பிப்ரவரியில் அழைப்போருடன் பேசும் பொறுப்பைத் தொண்டரிடமே ஒப்படைத்தார். அறிவுரையைக் காட்டிலும் தோழமையே அந்த நேரத்தில் வேண்டுவது என்பது அன்றுமுதல் இப்பணியின் அடிப்படைக் கொள்கையாயிற்று. 1986-இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய சிநேகா அமைப்பும் இந்தத் தோழமை மரபில் வந்ததே. நம் நாட்டு அரசு 2022 அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கிய டெலி-மானஸ் என்னும் மனநலத் தொலைபேசியின் எண் 14416. அதில் தமிழிலும் பேசலாம். இவ்வெண்ணை நீங்கள் குறித்து வைத்துக்கொள்வதில் தவறில்லை. உங்களுக்கு வேண்டாவிட்டாலும் உங்கள் வகுப்பில் ஒருவருக்கு வேண்டியிருக்கலாம்.

அமெரிக்காவில் இப்பணி வேறு வழியில் வளர்ந்தது. 1958-இல் லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் உளவியல் அறிஞர்களும் மருத்துவரும் கூடித் தற்கொலைத் தடுப்பு நிலையம் ஒன்றை நிறுவினர். 1960-களின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவில் பெர்னார்டு மேயஸ் என்னும் ஆங்கிலக் குருவானவர் தொலைபேசி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அதன் எண்ணைத் தீப்பெட்டி அட்டைகளில் அச்சிட்டு மதுக்கடைகளில் பரப்பினாராம். துயருற்றவர் எங்கே இருப்பாரோ அங்கே சென்று எண்ணைக் கொடுக்க வேண்டும் என்பது அவர் கண்ட உத்தி. இவர் வானொலியாளருங்கூட, பின்னர் அமெரிக்காவின் தேசியப் பொது வானொலியை உருவாக்கியவருள் ஒருவராய் விளங்கினார் என்பதை இந்த நிலையத்திலிருந்து பேசும்போது குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. மேயஸ் தன்பால் ஈர்ப்பினர். தம் இயல்பை வெளியே சொல்ல முடியாதவரின் தனிமை அவருக்குத் தெரியாத ஒன்றன்று.

இனி, மூன்றாம் எண் யாருக்காக ஏற்பட்டது என்பதைப் பார்ப்போம். அவருள் திருநரைப் பற்றியே நான் இங்கு மிகுதியாகப் பேசுகிறேன். வழக்கின் கூர்மையெல்லாம் அவர்களைச் சுற்றியே இருக்கிறது. பிறந்தபோது பிறர் குறித்த பாலும், தாம் உள்ளத்தில் உணரும் பாலினமும் ஒன்றாகாதவரே திருநர். ஆண் என்று குறிக்கப்பட்டுத் தம்மைப் பெண்ணாக உணர்பவரைத் திருநங்கை என்றும், பெண் என்று குறிக்கப்பட்டுத் தம்மை ஆணாக உணர்பவரைத் திருநம்பி என்றும் தமிழில் வழங்குகிறோம். இவ்விரண்டிலும் அடங்காதவரும் உளர்.

அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் உயர்நிலைப் பள்ளி மாணவரிடையே இரண்டாண்டுக்கு ஒருமுறை ஆய்வு நடத்துவது வழக்கம். 2023-ஆம் ஆண்டு ஆய்வில் முதன்முறையாக நாடு முழுவதிலும் பாலின அடையாளம் பற்றிய கேள்வி கேட்கப்பட்டது. நூற்றுக்கு மூவருக்குச் சற்று மேற்பட்டோர் தம்மைத் திருநர் என்றனர். அவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவர், கடந்த ஓராண்டுக்குள் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றதாகக் கூறினர். பிற மாணவிகளில் இத்தொகை நூற்றுக்கு 11. பிற மாணவரில் 5.

இவ்வெண்களைப் பிழையாகப் படிப்பது எளிது. திருநராய் இருப்பதே ஒரு நோய் போலும், அதுவே அவர்களைச் சாவை நோக்கித் தள்ளுகிறது போலும் என்று சிலர் முடிவு கட்டிவிடுகின்றனர். அதே ஆய்வு, இம்மாணவருள் பலர் பள்ளியில் கொடுமைக்கு உள்ளாவதையும், வழியிலோ பள்ளியிலோ ஊறு நேரும் என்று அஞ்சி நான்கில் ஒருவர் பள்ளிக்கு வராமல் நின்றதையும் கூறுகிறது. ஐலன் மேயர் என்னும் அறிஞர் 2003-இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். இகழ்ச்சியும், இகழ்ச்சி வருமோ என்ற இடையறாத அச்சமும், தம்மை மறைத்து வாழ வேண்டிய உழைப்பும் சேர்ந்து சிறுபான்மையினரின் மனத்தை அரிக்கின்றன. எல்லாருக்கும் உள்ள கவலைகளுக்கு மேல் இஃது ஒரு கூடுதல் சுமை என்பது அவர் கருத்து. நோய் உள்ளே இருப்பதன்று, சுற்றுப்புறத்திலிருந்து வருவது என்று இதனைச் சுருக்கமாகச் சொல்லலாம்.

சுற்றுப்புறம் மாறினால் நிலை மாறுமா? 2018-இல் ஸ்டீபன் ரஸ்ஸல் என்னும் பேராசிரியரும் அவருடன் பணியாற்றியோரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அமெரிக்காவின் மூன்று நகரங்களில் 129 இளைஞரிடம், அவர்கள் தாமே தேர்ந்துகொண்ட பெயரால் எங்கெங்கே அழைக்கப்படுகிறார்கள் என்று கேட்டனர். வீடு, பள்ளி, வேலையிடம், நண்பர் கூட்டம் ஆகிய நான்கில் இன்னும் ஓர் இடத்தில் அப்பெயர் வழங்கினாலும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் நூற்றுக்கு 29 பங்கு குறைந்து காணப்பட்டது. ஆய்வு சிறியது, பெயரே காரணம் என்று இதைக்கொண்டு அறுதியிட முடியாது. ஆயினும் ஆசிரியத் தொழில் செய்த எவருக்கும் இஃது வியப்பைத் தராது. வருகைப் பதிவேட்டைப் படிக்கும்போது புதிதாக வந்த ஆசிரியர் ஒரு மாணவனின் பெயரைச் சிதைத்துப் படித்தால் வகுப்பு சிரிக்கும். அம்மாணவன் அன்று முழுவதும் வாய் திறவான். முப்பது ஆண்டுக்கு மேல் இதனைப் பள்ளிகளில் கண்டிருக்கிறேன். ஒரு நாள் சிதைந்த பெயருக்கே இவ்வளவு என்றால், ஒவ்வொரு நாளும் தனக்கு உரியதல்லாத பெயருக்கு 'உள்ளேன் ஐயா' என்று எழுந்து நிற்கும் பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

இவ்வகை இளைஞருக்கென்று தொலைபேசி தொடங்கிய கதை சுவையானது. டிரெவர் என்னும் சிறுவன், தன் இயல்பைத் தோழர்கள் கண்டுகொண்டு ஒதுக்கியபோது மனமுடைந்து போவதைக் கூறும் குறும்படம் ஒன்று 1995-இல் அமெரிக்கத் திரைப்படக் கழகத்தின் ஆஸ்கார் பரிசைப் பெற்றது. 1998-இல் அது தொலைக்காட்சியில் காட்டப்பட இருந்தது. படத்தை எடுத்தவர்களுக்கு ஓர் ஐயம் எழுந்தது. இதனைப் பார்க்கும் பிள்ளைகளுள் டிரெவரைப் போன்றவர்கள் பலர் இருப்பார்களே, அவர்கள் உதவி கேட்டு எந்த எண்ணை அழைப்பார்கள்? தேடிப் பார்த்தபோது அத்தகைய எண் எதுவுமே நாட்டில் இல்லை எனத் தெரிந்தது. ஆகவே அவர்களே ஒன்றைத் தொடங்கினர். டிரெவர் திட்டம் என்னும் அந்நிறுவனம் தன் தொலைபேசியைப் பகல் இரவு என்ற வேறுபாடின்றி நடத்தலாயிற்று.

அரசு இப்பணியில் மெதுவாகவே நுழைந்தது. நாடு தழுவிய தற்கொலைத் தடுப்புத் தொலைபேசி 2005-இல் தொடங்கியது. பத்து இலக்கங்களுக்கு மேற்பட்ட அதன் எண்ணை, துயரத்தில் இருப்பவன் எப்படி நினைவில் வைத்திருப்பான்? 2020-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் 988 என்ற மூன்றிலக்க எண்ணை வகுத்துச் சட்டம் இயற்றியது. இரு கட்சியினரும் ஒத்துக்கொண்ட சட்டம் அது. தன்பால் ஈர்ப்பினரும் திருநருமான இளைஞர், தற்கொலை எண்ணத்திற்கு உள்ளாகும் வாய்ப்பு ஏனையோரைப் போல் நான்கு மடங்குக்கு மேற்பட்டது என்பதை அச்சட்டமே எடுத்துக் கூறி, அவர்களுக்குத் தனித் திறமை வாய்ந்த உதவி வேண்டும் என்று குறிப்பிட்டது. கையொப்பமிட்டவர் குடியரசுத் தலைவர் டிரம்ப். 2022 ஜூலை 16-இல் 988 இயங்கத் தொடங்கியது. அவ்வாண்டின் பிற்பகுதியில் மூன்றாம் எண் சோதனையாகச் சேர்க்கப்பட்டது. மறு ஆண்டு நாள் முழுவதற்கும் உரியதாயிற்று. ஏழு நிலையங்கள் அவ்வழைப்புகளை ஏற்றன. டிரெவர் திட்டம் அவற்றுள் ஒன்று. ஏறத்தாழ பாதிச் சுமை அதன் தோளில் இருந்தது. மூடப்படும் வரையில் 13 இலட்சத்துக்கும் மேற்பட்ட தொடர்புகள் அவ்வழியே வந்தன. இதில் தொலைபேசி அழைப்பு மட்டுமன்று, எழுத்துச் செய்தியும் அடங்கும். அடுத்த அறையில் தந்தை இருக்கும்போது வாய்விட்டுப் பேச இயலாத பிள்ளைக்கு எழுத்துச் செய்திதானே வழி!

அதே டிரம்ப் அவர்களின் இரண்டாம் ஆட்சிக் காலத்தில், 2025 ஜூன் 17-இல், ஒரு திங்களில் மூன்றாம் எண் நிறுத்தப்படும் என்ற அறிவிப்பு வந்தது. இப்பணிகளைக் கண்காணிக்கும் அரசு அலுவலகம் கூறிய காரணங்களைச் சரியாக அறிந்துகொள்வது நம் கடமை. ஒன்று, எல்லாரையும் ஒரே வழியில் ஏற்போம்; ஒரு பிரிவினரைத் தனிக் கூண்டில் வைப்பது வேண்டா; அவர்களும் 988-ஐ அழைத்தால் பேசுவோம் என்பது. மற்றொன்று, இதற்கென ஒதுக்கிய 3 கோடியே 30 இலட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகை முழுவதும் செலவாகிவிட்டது என்பது. வரவு செலவுத் துறையின் சார்பில் வேறொரு காரணம் கூறப்பட்டது. பெற்றோர் அறியாமல், அவர்தம் இசைவு இல்லாமல், பிள்ளைகளிடம் பாலினம் பற்றிய ஒரு கொள்கையைப் புகுத்துவதற்கு மக்களின் வரிப்பணத்தைக் கொடுக்க இயலாது என்றனர். மூன்றாம் எண் நிறுத்தப்படுவதைக் கூறிய அறிக்கையிலேயே, அவ்வகை இளைஞரைக் குறிக்கும் எழுத்துகளில் திருநரைக் குறிக்கும் எழுத்து விடுபட்டிருந்தது. அவ்வாண்டு ஜனவரி 20-இல் ஆண், பெண் என்னும் இரு பால்களையே அரசு ஏற்கும் என்ற ஆணை வெளியாகியிருந்ததை இதனோடு சேர்த்து நோக்க வேண்டும்.

பணத்தைப் பற்றிய வாதத்தில் அதிகம் நிற்க வேண்டியதில்லை. 988 முழுவதற்கும் ஓராண்டு ஒதுக்கீடு 52 கோடி டாலர். அதில் மூன்றாம் எண்ணின் பங்கு நூற்றுக்கு ஆறு அல்லது ஏழு. மனம் இருந்தால் தேடிக் கொடுக்கக்கூடிய தொகைதான்.

பெற்றோர் பற்றிய வாதம் அத்தகையதன்று. அதனை எள்ளி ஒதுக்குவோரோடு எனக்கு உடன்பாடில்லை. பிள்ளையின் உள்ளத்தில் இருப்பதைப் பெற்றோர் இறுதியாக அறிவதும், அயலார் முதலில் அறிவதும் வருத்தத்திற்கு உரியவையே. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 988-இன் பொது வழியிலும் பெற்றோரின் இசைவு கேட்பதில்லை. தேர்வில் தோற்ற பிள்ளை, தாயை இழந்த பிள்ளை, வீட்டில் அடிபடும் பிள்ளை எவரும் தாமே அழைக்கலாம். உயிர் போகும் நேரத்தில் கையொப்பம் வாங்கிவா என்று எந்த நாட்டுத் தொலைபேசியும் சொல்லாது. அப்படியிருக்க, இசைவில்லை என்னும் குறை ஒருவகைப் பிள்ளைகளுக்கு மட்டும் எப்படிப் பொருந்தும்? மேலும், பல திருநர் பிள்ளைகளுக்கு அந்த நேரத்து அச்சமே பெற்றோருக்குத் தெரிந்துவிடுமோ என்பதுதான்.

'எல்லாருக்கும் ஒரே வாயில்' என்பதே வலிமை மிக்க வாதம். கேட்பதற்கு நியாயமாகவும் இருக்கிறது. அதனை மறுப்போர் உடனே முதல் எண்ணைச் சுட்டுகின்றனர். படைத்துறையினருக்கு மட்டும் தனி வாயில் ஏன் என்பது அவர்கள் கேள்வி. முழுதும் ஒத்த உவமை என்று இதனைச் சொல்ல மாட்டேன். முதல் எண்ணை நடத்துவது முன்னாள் படைவீரர் நலத்துறை. அதற்கு வேறு பணப்பை இருக்கிறது. எனினும் உவமையின் உயிர்நிலை பிழையன்று. போர்க்களம் கண்டவனிடம் போர்க்களத்தை விளக்கச் சொல்லி முதல் பத்து நிமிடத்தை வீணாக்கலாகாது என்பதற்காகவே அவனுக்குத் தனி வழி வகுத்தனர். திருநராகிய பிள்ளை பொது வழியில் அழைத்தால், தான் யார் என்பதை முதலில் விளக்க வேண்டும். கேட்பவர் முகம் சுளிப்பாரோ என்று குரலின் ஏற்ற இறக்கத்தை ஆராய வேண்டும். அதன் பின்னரே தன் துயரத்துக்கு வர வேண்டும். மூன்றாம் எண்ணை அழுத்திய அந்தச் சிறு செயலிலேயே இந்த விளக்கம் முடிந்துவிடுகிறது.

இதற்கு ஆய்வுச் சான்று ஒன்றும் உண்டு. திருநரைப் பற்றியதன்று, இப்பணி முழுவதையும் பற்றியது. பிரையன் மிஷாரா என்னும் கனடா நாட்டு அறிஞரும் அவர் துணைவரும், அமெரிக்காவில் 14 நிலையங்களுக்கு வந்த 2,611 அழைப்புகளை உடனிருந்து கேட்டு, அவற்றுள் நெருக்கடியான 1,431 அழைப்புகளை ஆராய்ந்து 2007-இல் முடிவை வெளியிட்டனர். எத்தகைய உரையாடலின் இறுதியில் அழைத்தவரின் நிலை தேறியது என்பது அவர்கள் கேள்வி. அழைத்தவர் சொன்னதையே வேறு சொற்களில் திருப்பிச் சொல்லும் முறை, நாம் 'கவனித்துக் கேட்டல்' என்று பயிற்சிகளில் கற்பிப்பது, தனியாக நின்று பயன் தந்ததாகக் காணப்படவில்லை. மதிப்பும், பரிவும், நல்ல நெருக்கமும், சிக்கலைச் சேர்ந்து ஆராயும் முறையும் இருந்த இடங்களிலேயே பயன் விளைந்தது. அஃதாவது, வாய்பாடு மனப்பாடம் ஆனவரால் ஆகாதது, மதிக்கிறவரால் ஆகிறது. ஒருவரைப் பொது வழியில் ஏற்றாலும் தனி வழியில் ஏற்றாலும், அவரை அவராகவே மதித்து ஏற்பவர் அங்கே இருக்கிறாரா என்பதையே நாம் கேட்க வேண்டியிருக்கிறது. தனி வழி அதற்கு ஓர் உறுதி அளித்தது. பொது வழியில் அது வாய்ப்பைப் பொறுத்தது. நாடெங்கும் 200-க்கு மேற்பட்ட நிலையங்கள் அழைப்பை ஏற்கின்றன, அவற்றுள் எந்த நிலையத்தில் எவர் எடுப்பாரோ யார் அறிவார்? ஆதலால் மூன்றாம் எண்ணை நீக்கியது தவறு என்பதே என் கருத்து. இடம் கொடாத வாயில் அன்று அது. இடம் உண்டு என்று முன்கூட்டியே எழுதி வைத்த வாயில்.

இவ்வழக்கு அரசுக்கும் மற்றையோருக்கும் இடையே மட்டும் நடைபெறவில்லை. திருநருக்கு உதவ விரும்புவோருக்குள்ளேயே மற்றொரு கருத்து வேற்றுமை உண்டு. அஃது இதனினும் கடினமானது; நாளிதழ்கள் அதனைக் குறைவாகவே பேசின.

ஒருவர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும்போதே உயிருக்கு உடனடி ஆபத்து என்று தோன்றினால் என்ன செய்வது? 988-இன் விதிப்படி, வேறு வழியே இல்லாதபோது, அழைத்தவர் இசையாவிட்டாலும் ஆம்புலன்சுக்கோ காவலருக்கோ சொல்லலாம். நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவான அழைப்புகளிலேயே அவசர உதவி அனுப்பப்படுகிறது என்று அரசு கூறுகிறது. 2014-இல் திருநங்கையர் இருவர் தொடங்கிய டிரான்ஸ் லைஃப்லைன் என்னும் அமைப்பு இதற்கு உடன்படவில்லை. அங்கே பேசுவோர் அனைவரும் திருநரே. அழைத்தவர் கேட்டுக்கொண்டாலன்றிக் காவலரை அழைப்பதில்லை என்பது அவர்கள் கொள்கை. காவலர் வந்து கதவைத் தட்டினால் அக்கம்பக்கம் கூடும். மறைத்து வைத்திருந்தது வீட்டாருக்கு வெளிப்படும். மருத்துவமனையில் வேறு பெயரால், வேறு பாலினராக அடைத்து வைக்கப்படலாம். அதன் பின் அப்பிள்ளை எந்த எண்ணையும் அழைக்க மாட்டான். இவை வெற்று அச்சங்கள் அல்ல.

எதிர்த்தரப்பு சொல்வதும் வெறுஞ்சொல் அன்று. சாவை மாற்ற முடியாது. வெட்கமும் சினமும் ஆறும். அதற்கு ஆள் உயிரோடிருக்க வேண்டும். நெருக்கடி என்பது பெரும்பாலும் சில மணி நேரத்தில் தணிவது. அந்த நேரத்தை எப்பாடுபட்டேனும் கடத்திவிட்டால் பிறகு வாழ விரும்புவோரே மிகுதி. பதினைந்து வயதுப் பிள்ளையின் 'வேண்டாம்' என்ற சொல்லை முதிர்ந்தவரின் சொல்லுக்கு இணையாகக் கொள்ளலாமா என்றும் கேட்கிறார்கள். பள்ளித் தலைமையாசிரியனாக இருந்தவன் இக்கேள்வியை எளிதில் தள்ள முடியாது. எந்தப் பக்கம் சாய்வது என்பதில் எனக்குத் துணிந்த முடிவில்லை. ஒன்றில் மட்டும் ஐயமில்லை. எந்த விதியை வைத்திருந்தாலும் அதனை அழைப்பவருக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நம்பிப் பேசியவனின் வீட்டு வாயிலில் அவனுக்குத் தெரியாமல் காவலரை நிறுத்துவதைப் போல் நம்பிக்கையைக் கெடுப்பது வேறில்லை.

மூன்றாம் எண் நின்ற பின்னும் டிரெவர் திட்டம் தன் சொந்தத் தொலைபேசியை நிறுத்தவில்லை. ஆனால் அரசு வழியே வந்த பணமும், மூன்றிலக்க எண்ணின் எளிமையும் இல்லாமற்போயின. மூன்று இலக்கங்களை ஒரு குழந்தையும் நினைவில் வைக்கும். தனி அமைப்பின் நீண்ட எண்ணைத் தேடிப் பிடிக்க வேண்டும். கலிபோர்னியா மாநிலம் 2025 ஜூலையிலேயே ஒரு மாற்று ஏற்பாட்டை அறிவித்தது. தன் எல்லைக்குள் 988 அழைப்புகளை ஏற்கும் ஆலோசகருக்கு டிரெவர் திட்டத்தைக் கொண்டே பயிற்சி அளிப்பது என்பது அது. தனி வாயிலைத் திறக்கும் அதிகாரம் மாநிலத்துக்கு இல்லை. பொது வாயிலில் நிற்பவரைப் பயிற்றுவிக்கும் அதிகாரம் உண்டு. பயிற்சிக் கல்லூரியில் படித்து வந்தவன் ஆதலால் எனக்கு இம்முயற்சியில் நம்பிக்கை உண்டு. பயிற்சியின் எல்லையும் தெரியும். ஒரு வாரப் பயிற்சியில் சொற்களைக் கற்பிக்கலாம். இரவு இரண்டு மணிக்கு, எட்டாவது அழைப்பை எடுக்கும்போது, மறுமுனையில் தயங்கும் குரலைக் கேட்டு, 'உங்களை எந்தப் பெயரால் அழைக்கட்டும்?' என்று இயல்பாகக் கேட்க வருகிறதா என்பதை அந்த இரவுதான் காட்டும்.